தவிலோடு கட்டிய கார்

மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற கார் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் என்ன வேகத்தில் போகிறதோ அதுதான் அதன் வேகம். முச்சந்தியில் மேளம் நின்று வாசித்தால் காரும் நிற்கும். பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு இரண்டே தெருதான் என்றாலும் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். பெட்ரோல் என்ஜினுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. எதிர்க்காற்று படாமல் உள்ளுக்குள்ளேயே கொதித்துப்போகும்.

எங்கள் அப்பா அப்படி ஒரு காரைத்தான் ஓட்டினார். குடவாசலில் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவருடைய கார் அது. சின்ன வண்டி. வட்டமான முகப்பு விளக்குகள். மேலே கூரை கிடையாது. பின்சீட்டில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் தெருவின் இரண்டு பக்கமும் அவரைப் பார்க்கலாம். என்னைவிட அதற்கு வயது அதிகம். தாத்தா தன் காலம் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அப்பாவும் சின்ன வயதிலேயே நாற்றுக்கட்டு சுமக்கப் போனவர்தான், பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் வயலைவிட்டு வெளியே வந்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தது நான். தஞ்சாவூரில் எலெக்ட்ரிகல் என்ஜினியரிங் முடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால்கூடச் சொல்லிவிடுவேன்.

வேலையும் தஞ்சாவூரிலேயே கிடைத்தது. பழைய பெட்ரோல் கார்களை பேட்டரியில் ஓட மாற்றித் தருகிற பட்டறை. நான் சேர்ந்து கொஞ்ச நாளில் அப்பாவின் கார் ஒரு ஆவணிக் கல்யாணத்தில் நடுத்தெருவில் ஆவி கக்கி நின்றுவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்தார். பெண் வீட்டுக்காரர்கள், “மாப்பிள்ளை நடராஜா சர்வீஸ்ல வர்றாரு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, “போதும்ப்பா. இதை இரும்புக் கடைக்குப் போட்டுடறேன். நீ பாத்திர வேனுக்குப் போயிடு” என்றார். பாத்திர வேன் என்றால் ஓட்டுவதோடு முடியாது. அண்டாவையும் அடுப்பையும் ஏற்றி இறக்க வேண்டும். அப்பாவுக்கு வலது முழங்கால் மடங்காது.

நான் முதலாளியைப் போய்ப் பார்த்தேன்.

“ஐயா, என்ஜினைக் கழட்டிட்டு மோட்டார் வைக்கிறோம். எங்க பட்டறைக்கும் ஊர்ல ஓட்டிக் காட்ட ஒரு வண்டி வேணும். செலவை அவங்க பாத்துக்கிறாங்க.”

“ஃபேன் மாதிரி ஓடுமாம்மா?”

“ஃபேனைவிடச் சத்தம் கம்மிங்க.”

அவர் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். “தை மாசம் ஒரு பெரிய கல்யாணம் இருக்கு. அதுல மானத்தோட மண்டபம் போய்ச் சேர்ந்தா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா இரும்புக் கடைதான். உங்கப்பாவுக்கும் வேன்தான்.”

என்ஜினைத் தூக்கி வெளியே வைத்தபோது உள்ளே இருந்த வெற்றிடம் ஒரு சின்ன சமையலறை போல இருந்தது. பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்டு, நடுவில் ஒரு தட்டு கடைந்து வைத்து மோட்டாரை அதோடு இணைத்தோம். பேட்டரியைப் பாதி முன்பக்கமும் பாதி டிக்கியிலுமாகப் பிரித்து வைத்தேன், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் குனிந்துவிடும். பெட்ரோல் முள்ளை மட்டும் கழற்றவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகள் இரண்டுதான், E-யும் F-ம். அதனால் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த முள்ளே காட்டும்படி வயரை மாற்றினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடையாய் நடந்து ஆர்.சி.யில் பெட்ரோலை எடுத்துவிட்டு மின்சாரம் என்று போட வைத்தேன்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் பிக்கப் கேட்பார்கள். எனக்கு வேண்டியதோ நடை. மிதித்தால் துள்ளாமல், அடி அடியாக நகர வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பட்டறைக்கு அழைத்துப்போய் முன்னால் நடக்கவிட்டேன். அப்பா பின்னால் ஓட்டினார். அம்மா திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே நடந்தாள். “இதுல பால் கிளாஸை வெச்சாகூடச் சிந்தாது போலிருக்கே” என்றாள். இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன். இன்னும் ஒரு படி மேலே போய், சீரியல் விளக்குகளைக் காரின் பேட்டரியிலேயே எரியவிட்டேன். வழக்கமாகப் பின்னால் தடதடவென்று வருகிற ஜெனரேட்டர் வண்டியும் தேவையில்லாமல் போனது.

தை மாதக் கல்யாணத்தன்று சாயங்காலம், அறுவடை முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் வாசனை. பிள்ளையார் கோயில் வாசலில் விளக்கைப் போட்டதும் கூட்டம் காரைச் சுற்றிக்கொண்டது. “ஸ்டார்ட் பண்ணுங்க டிரைவர்” என்றார் மாப்பிள்ளையின் மாமா. “ஆயிடுச்சுங்க” என்றார் அப்பா. எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

மேளம் முன்னால் புறப்பட்டது. நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி வாசிக்கிறவர். கூட இருந்த தவில்காரர் பெரிய உருவம். முதல் முச்சந்தியில் யாரோ மாப்பிள்ளைக்குச் சால்வை போட வந்தார்கள், அப்பா நிறுத்தினார். மேளம் நிற்கவில்லை. வாசித்தபடியே தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு, விளக்கோடு, மேளமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அத்தை, “மேளம் மட்டும் தாலி கட்டப் போயிடுச்சு, மாப்பிள்ளையை நாளைக்கு அனுப்பி வைங்க” என்றார். சிரிப்பு தெருவின் கடைசிவரை போனது.

ஆட்கள் ஓடிப்போய் மேளத்தைத் திருப்பி அழைத்து வந்தார்கள். மறுபடி விட்டுவிடக் கூடாது என்று அப்பா இந்தத் தடவை நெருங்கியே ஓட்டினார். அடுத்த வீட்டு வாசலில் மேளம் சட்டென்று நின்றது. பம்பர் தவில்காரரின் கெண்டைக்காலில் உரசியது. அவர் தவிலோடு துள்ளித் திரும்பினார்.

“வண்டின்னா ஒரு உறுமல் வேணாமா? பூனை மாதிரி பின்னால வந்து நின்னா எப்படி? நான் இதுக்கு முன்னால நடக்க மாட்டேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அவர்கள் திரும்பியே பார்க்காமல் நடந்தது முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்த என்ஜின் சத்தத்தை நம்பித்தான். அதை நான்தான் கழற்றிப் பட்டறையில் வைத்திருந்தேன். அம்மா அன்றைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்ததால் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

“ஹாரன் அடிச்சுக்கிட்டே வரட்டுமே” என்றார் மாமா.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். “அடிக்கட்டும். எந்த ராகத்துல அடிப்பாருன்னு முதல்லயே சொல்லிடுங்க, நானும் அதையே வாசிச்சுடறேன்.”

ஓரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்பு கார் கொதித்து நின்ற அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

டிக்கியில் பந்தல் கயிறு ஒரு சுருள் கிடந்தது. அதில் ஒரு நீளம் வெட்டினேன். ஒரு முனையை பானெட்டில் பூ கட்டியிருந்த கம்பியில், பூ நார் கொண்டு லேசாகக் கட்டினேன். வேகமாக இழுபட்டால் ஃப்யூஸ் மாதிரி நார் அறுந்துவிடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மறுமுனையை எடுத்துக்கொண்டு தவில்காரரிடம் போனேன்.

“அண்ணே, இதை உங்க தவில் வார்ல முதுகுப் பக்கம் மாட்டிக்கிறேன். வண்டி நின்னா லேசா இழுக்கும், நீங்களும் நிக்கலாம். நீங்க நின்னீங்கன்னா கயிறு தொய்யும், அப்பா அதைப் பார்த்து நிறுத்திடுவார்.”

“ஏம்மா, என்னை மாடு மாதிரி கட்டப் போறியா?”

“கட்டியிருக்கிறது வண்டியைங்க. நீங்கதான் பிடிச்சுக்கிட்டுப் போறீங்க.”

அவர் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். “கேட்டீங்களா? இன்னைலேருந்து நான் காருக்குச் சொந்தக்காரன்” என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். மாப்பிள்ளையின் தங்கை தன் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கயிற்றில் சுற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர்வலம் போனது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. மேளம் நின்றால் பூக்கயிறு தொய்ந்தது, கார் நின்றது. கார் நின்றால் கயிறு தவில் வாரை லேசாக இழுத்தது, மேளம் நின்றது. என்ஜின் இல்லாததால் நாதஸ்வரத்தின் மெல்லிய பிடிகள்கூட மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கேட்டன. முச்சந்தியில் நாதஸ்வரக்காரர் வழக்கத்தைவிட நிறுத்தி வாசித்தார். புகை இல்லை, யாரும் மூக்கை மூடவில்லை. அப்பா முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு காலால் மட்டும் ஓட்டினார். கூட்டத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தக் காலத்துலயும் இப்படித்தான், மேளக்காரர் கயிறு பிடிச்சுதான் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வருவார்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளை இறங்கிய பிறகு தவில்காரர் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். “பத்திரமா வெச்சுக்கம்மா. அடுத்த கல்யாணத்துக்கு வேணும்.”

முதலாளி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பானெட்டில் கையை வைத்து, அது சூடாக இல்லாததை இரண்டு முறை சோதித்தார். பிறகு அப்பாவிடம், “முள்ளு எங்க நிக்குது?” என்று கேட்டார்.

“F-லேருந்து கொஞ்சம்தான் இறங்கியிருக்குங்க.”

“ம்.” அவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இதுக்குச் சார்ஜ் போட வீட்ல இருக்கிற மாதிரி பிளக் போதுமா, பெருசா வேணுமா?”

“பெருசா ஒண்ணு வேணுங்க. பதினைஞ்சு ஆம்பியர்.”

“காலைல எலெக்ட்ரீஷியனை வரச் சொல்றேன். கடை வாசல்ல மழை படாத இடமாப் பார்த்து நீயே காட்டிடு.”

அப்பா காரில் ஏறி, எனக்காகப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். சீரியல் விளக்கை அணைக்கவா என்று கேட்டேன்.

“எரியட்டும் பாப்பா” என்றார். “கடை வரைக்கும் இப்படியே போவோம்.”