மேனேஜர் கேபினுக்கு மாட்டிய கண்ணாடி

பழைய முதலாளியிடம் "இனிமே தனியா பண்ணிக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்து நான் எடுத்த முதல் வேலை, ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியின் மேனேஜர் கேபின். என்கிட்ட கண்ணாடி வேலை கத்துக்கிற பசங்களா, அது ஊத்திக்கிட்டா திரும்ப அவரிடமே போய் நிற்கணும்.

மேனேஜர் தாமோதரன் சார் கேட்டது ஒன்றுதான். "உள்ள உக்காந்தபடியே நான் அசெம்ப்ளி லைனைப் பாக்கணும். லைன்ல இருக்கறவங்க என்னைப் பாக்கக் கூடாது."

"ரிஃப்ளெக்டிவ் கிளாஸ் போட்டுடலாம் சார். வெளியேர்ந்து பாத்தா மொகம் பாக்குற கண்ணாடி, உள்ளேர்ந்து பாத்தா ஜன்னல்" என்றேன். கடை வாசலில், உச்சி வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மாட்டிய அன்று காலை கேபினில் இன்னும் லைட் கனெக்‌ஷன் வரவில்லை. ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று தலை வாரினார்கள். ஒருத்தர் பல்லில் மாட்டிய கீரையை எடுத்தார். உள்ளே சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மொத்த ஆபீஸுக்கும் நீயே போட்டுடுப்பா." எனக்குக் கால் தரையில் இல்லை.

மதியம் எலக்ட்ரீஷியன் கேபினுக்குள் பெரிய எல்இடி லைட் போட்டுவிட்டுப் போனார். சாருக்கு மறுநாள் ஆயுத பூஜையில் பேச வேண்டும். இப்போது கண்ணாடியில் அவர் உருவமே அவருக்குத் தெரிந்தது. ஒத்திகைக்கு வசதி என்று நினைத்துக்கொண்டார். கையை வீசிப் பேசினார். இல்லாத மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே நான் ஓரத்துக்கு சிலிகான் பசை அடித்துக்கொண்டிருந்தேன். லைன் லீடர் செல்வி அக்கா பக்கத்தில் வந்து, "இன்னா அண்ணே, டிவியா மாட்டிக்கீறீங்க? சவுண்டு மட்டும் வர்ல" என்றார்.

சார் கும்பிட்டார். லைனே கைதட்டியது.

சத்தம் கேட்டு வெளியே வந்த சார், கண்ணாடி வழியாக உள்ளே மேஜை மேல் இருந்த தன் டிபன் பாக்ஸையே பார்த்தார்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "சார், வெளிச்சம் எந்தப் பக்கம் தூக்கலோ, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத்தான் அது கண்ணாடி. உள்ள லைட்டை அணைச்சிட்டா..."

"அப்போ நான் இருட்டுல உக்காந்து வேலை பாக்கணுமா?"

லைன் சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. "சாதா கிளாஸே போடு. மாலை வாங்குனதையே பாத்துட்டாங்க, இனிமே மறைக்க என்ன இருக்கு? பாக்கி ஆபீஸையாவது லைட்டு போட்டுப் பாத்துட்டு செய்."

வேலை கைவிட்டுப் போகாமல் தப்பியது. கழட்டியதைத் தூக்கும்போது செல்வி அக்கா மறித்தார். "அத்த எடுத்துக்கினு பூடாதீங்க. லேடீஸ் ரெஸ்ட்ரூம்ல மொகம் பாக்க ஒண்ணுமே இல்ல." சுவரோடு ஒட்டி மாட்டினேன். பின்னால் சுவர் இருந்தால் எந்த வெளிச்சத்திலும் அது கண்ணாடிதான்.

கடை வெளிச்சத்தில் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க பசங்களா. அது இருக்கப்போகிற இடத்தில் வைத்துப் பாருங்க.

மறுநாள் பூஜையில் செல்வி அக்கா நிஜ மாலையோடு சார் முன்னால் போய் நின்றார். அவர் எப்படிக் குனிவார் என்று எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும்.