அறுபத்தேழை அறுபத்தாறாக்கிய கதை

கணக்குப் போடுகிறீர்கள். உங்களுக்கு வந்த விடையும் புத்தகத்தின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் விடையும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்வீர்கள்?

கணக்கைத் திரும்பப் போடுவீர்கள். நல்லவர்கள் நீங்கள்! நான் பின்பக்க விடையை அடித்துவிட்டு என் விடையை எழுதி வைத்தேன். அதுவும் ஏதோ சாதித்த திருப்தியோடு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நடந்தது இது.

சுகந்தி என் காலேஜ் தோழி. திருச்செங்கோட்டில் நாலு வருஷம் ஒரே லேப். படிப்பு முடிந்ததும் நான் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழ, அவள் இளம்பிள்ளையில் சொந்தத் தறிக்குப் போனாள். ஒரு நாள் போன் செய்து, "பாவு எத்தன மீட்டர்னு ஒவ்வொருவாட்டியும் அட்டையில எழுதிக் கணக்குப் போட்டுட்டு இருக்கறேன்டா. நீயெல்லாம் என்னத்தப் படிச்சே?" என்றாள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். முதலிலேயே மொத்தமாக அளந்து சுற்றிவிட வேண்டும்; அதுதான் பாவு ஓட்டுவது. குறைந்தால் குறைந்ததுதான்... பாதியில் நீட்ட முடியாது.

ரோஷம் வந்து சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் செய்தேன். கோடிங் என்னுடையது. "இப்படிக் கேட்டால் இந்தப் பதில் வரும்" என்று உள்ளே எழுதி வைத்த எக்ஸாம்பிள் எல்லாம் சுகந்தியுடையது. ஒவ்வொரு முறையும் நான் கோடிங்கில் கை வைத்தால், கம்ப்யூட்டர் தானாகவே அந்த எக்ஸாம்பிள்களை ஓட்டிப் பார்க்கும். எழுதி வைத்த பதில் அப்படியே வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

வியாழக்கிழமை காலை கோடிங்கை அழகுபடுத்தினேன். வேகமாக ஓடட்டுமே என்று. டெஸ்ட் போட்டால்... ஐந்து சிவப்பு.

முதல் சிவப்பு, வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடுதல். கண்ணுக்கே தெரியாத ஸ்பேஸ்! இரண்டாவது, 21 என்று எழுதிய இடத்தில் 21.0 வந்திருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று நாம் நினைப்போம். டெஸ்ட் நினைக்காது. மூன்றாவதும் நான்காவதும் இதே மாதிரி அற்பம். ஒவ்வொன்றாக எக்ஸாம்பிளைத் திருத்தினேன், பச்சை ஆனது.

ஐந்தாவது: பத்துப் புடவைக்கு 67 மீட்டர் என்று எழுதியிருந்தது. வந்தது 66.

கை ஏற்கெனவே பழகிவிட்டதே. சுகந்தி ரவுண்டாகப் போட்டிருப்பாள் என்று 67-ஐ 66 ஆக்கினேன். எல்லாம் பச்சை. "புது வெர்ஷன் ரெடி, சும்மா பறக்குது" என்று அவளுக்குக் கெத்தாக ஒரு மெசேஜ்.

அன்று அவளுக்கு என்ன நாள் தெரியுமா? வீட்டார் பெயரில் இல்லாமல் தன் பெயரில் அவள் வாங்கிய முதல் ஆர்டருக்குப் பாவு ஓட்டும் நாள். ராசிபுரத்துக் கல்யாண வீடு. பத்துப் பெண்களுக்கு ஒரே அரக்குக் கலரில் பத்துப் பட்டுப் புடவை. பத்தும் ஒன்றாக வந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நூலுக்கு ஒரே தடவையில் சாயம் போட்டாயிற்று. மறுபடி போட்டால் அதே அரக்கு வராது.

மதியம் மூன்று மணிக்குப் போன்.

"டேய், பத்துப் பொடவைக்கு அறுபத்தாறுன்னு காட்டுது."

"ஆமா. எத்தன சீக்கரம் வருது பாத்தியா?"

"சீக்கரத்தக் கொண்டுபோய் குப்பையில போடு. அறுபத்தேழுன்னு எழுதி வெச்சிருந்தனே, எவன் மாத்துனது?"

"நான்தான்... நீ ரவுண்டா ஒரு மீட்டர் சேத்திருப்பேன்னு..."

"ரவுண்டாவா? ஏன்டா, பட்டு நூலு என்ன எங்கூட்டுக் கெணத்துலயா ஊறுது?"

"ஓட்டியாச்சா?"

"நூல மாட்டிட்டு நிக்கறாங்க. எனக்கு என்னமோ இடிச்சுது, நிறுத்தச் சொல்லிட்டேன்."

பின்னால் பாவு ஓட்டும் அண்ணனின் குரல் கேட்டது: "ஏனுங்க சாமி, பத்தாவது பொடவைக்கு ஜாக்கெட்டு வேண்டாமுங்களா? சால்வையப் போத்தி உட்ரலாமுங்களா?"

கணக்கை வரி வரியாகப் பிரித்தேன். ஒரு புடவைக்கு ஜாக்கெட் துணியோடு 6.3 மீட்டர். பத்துக்கு 63. சுருக்கம், சேதாரத்துக்கு நூற்றுக்கு ஆறு சேர்த்தால் 66.78. அதை மேலே தூக்கி 67 ஆக்கும் வரியை, அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று நான் எடுத்துவிட்டு, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடும் வரியைப் போட்டிருந்தேன். புள்ளிக்குப் பின்னால் இருந்த 78 சென்டிமீட்டர் அப்படியே காலி. ஜாக்கெட் துணி எவ்வளவு? எண்பது!

பழைய வரியைத் திரும்பப் போட்டேன். எக்ஸாம்பிளில் சுகந்தியின் 67-ஐத் திரும்ப எழுதினேன். டெஸ்ட் ஓடியது. பச்சை. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அறுபத்தேழு. ஓட்டச் சொல்லு."

"இனி நா எழுதுனதுல கைய வெச்சேன்னு வெய்யி..."

"வெச்சா?"

"உன்னப் பாவுல சேத்துச் சுத்தி உட்ருவேன்."

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் தினமும் நச்சரிக்கிறவர் ஒரு நாள் நிஜமாகவே "கேஸ் நாத்தம் அடிக்குது" என்று கத்தினால், "சரி சரி" என்று திரும்பிப் படுப்போமே... நான் செய்தது அதுதான். டெஸ்ட் நாலு முறை அற்பத்துக்குக் கத்தியது என்பதற்காக ஐந்தாவது முறையும் வாயை அடைத்தேன். அந்த ஒரு வரி எக்ஸாம்பிளில் இருந்தது வெறும் நம்பரா? சுகந்தி தறிப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டதெல்லாம் அதில் இருந்தது. கம்ப்யூட்டர் அவளை நம்பியது. நாலு வருஷம் கூடப் படித்த நான் நம்பவில்லை.

ஒன்பது புடவை அறுத்து மடித்தாகிவிட்டது. பத்தாவதின் ஜாக்கெட் துணி இப்போது தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது.