வீக்கத்தை மறைத்த இரண்டு வருடங்கள்

ஜும்மா தொழுகையில் இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளாடை நனைந்தது. ஒரு சொட்டுதான். ஆனால் ஒரு சொட்டு சிறுநீர் கசிந்தாலும் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் சுத்தம்) முறிந்துவிடும். ஒளு முறிந்தவன் தொழுகையில் நிற்கக் கூடாது. எல்லோரும் குனிந்த நேரத்தில் நான் மட்டும் வரிசையை விட்டு விலகி, பின்னால் நின்றவர்களைத் தாண்டி வெளியே வந்தேன்.

உத்தமபாளையத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடமாகக் கடைவீதியில் மோட்டாரும் பைப்பும் விற்கிறேன். அன்று எனக்கு வயது ஐம்பத்தொன்பது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தபோது, அவசரத்தில் சரியாகக் கழுவாமல் வந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது உண்மையில்லை என்று எனக்கே தெரியும். பல மாதங்களாகவே சிறுநீர் மெலிந்து வந்தது. போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் நின்று நின்று வரும். முடிந்துவிட்டது என்று நகர்ந்தால் பத்து அடி தாண்டுவதற்குள் மீண்டும் சொட்டும். இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்தேன்.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். யாரிடமும் சொல்லாமல் இருந்து, இடுப்பு வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். எலும்பு வரை பரவியிருந்தது. பத்து மாதங்களில் இறந்துபோனார்.

அண்ணன் தாமதமாகப் போனதால் இறந்தார் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் மனம் வேறு மாதிரி புரிந்துகொண்டது. மருத்துவமனைக்குப் போகும் வரை அவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். போன பிறகுதான் படுத்தார். ஆகவே போகக் கூடாது. பயந்தவனின் நியாயம் இது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது இதே நியாயத்தைப் பேசிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது தவறு என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். குறைத்தால் சிறுநீர் இன்னும் எரியும், தொற்றும் வரும். வெளியூர்ப் பயணத்தை நிறுத்தினேன். கடையில் ஒரு கைலியை மடித்து வைத்திருந்தேன். பள்ளிவாசலுக்குப் போவதை மெல்ல மெல்ல விட்டேன். கடைக்குப் பின்னால் பைப் அடுக்கியிருக்கும் அறையில், நின்று, காத்திருந்து, கழுவி, மறுபடியும் காத்திருந்து, தனியாகத் தொழுதேன்.

ஊரில் பேச்சு கிளம்பியது. ஜமாத்தோடு எனக்கு ஏதோ மனத்தாங்கல் என்றார்கள். என் மனைவி ஜெமீலா ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

“பள்ளிக்கு ஏன் போக மாட்டேங்கிறீக? யாரோடயாச்சும் சண்டையா? பாக்குற பொம்பளைக எல்லாம் என்னையக் கேக்குறாக.”

“முட்டி வலிக்குது. குனிஞ்சு எந்திரிக்க முடியல.”

“அங்கன நாற்காலி போட்டுருக்காகளே.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அன்றிலிருந்து அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட ஆரம்பித்தாள். வலிக்காத முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்த ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, இரவு ஒன்றும் காலையில் ஒன்றும் போட்டேன். மூக்கடைப்பு விட்டது. ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு சிறுநீர் ஒரு துளிகூட வரவில்லை.

கடைக்குப் பின்னாலிருந்த கழிப்பறைக்கு எத்தனை முறை போனேன் என்று தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று நின்றேன். அடிவயிறு கல்லாக இறுகியது. பிற்பகலில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

பக்கத்து உரக்கடை செல்வம் எதற்கோ உள்ளே வந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். எங்கள் இரண்டு கடைகளும் ஒரே சமயத்தில் திறந்தவை. அவர் என்னை மாமா என்பார்; நான் அவரை மாப்ளே என்பேன்.

“என்ன மாமா, இம்புட்டு வேர்த்துக்கெடக்கு? நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல மாப்ளே. ஒண்ணுக்கு வரல.”

இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு மனிதரிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் என்னைத் தாங்கி வெளியே கூட்டிவந்தார். காரை எடுத்தார். போகும் வழியில் வீட்டில் ஜெமீலாவை ஏற்றிக்கொண்டோம். உத்தமபாளையத்திலிருந்து தேனி வரை உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு நினைவிருக்கிறது. சின்னமனூர் தாண்டும்போது, சிறுநீர்ப்பை வெடித்துவிடுமா என்று ஜெமீலாவிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்தபடி ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள்.

தேனி மருத்துவமனையில் கதீட்டர் (சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். போடும்போது வலித்தது. அடுத்த நிமிடம் குழாயின் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் பை நிரம்பத் தொடங்கியது. ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்றார் செவிலியர். நான் அழுதேன். வலி போனதால் அழுதேன் என்று அவர் நினைத்திருப்பார்; எனக்கு அண்ணன் நினைவு வந்திருந்தது.

ஜெமீலா கட்டிலருகே வந்து நின்றாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“முட்டி வலின்னு சொன்னீகளே,” என்றாள்.

சிறுநீரகவியல் மருத்துவருக்கு நாற்பது வயதிருக்கும். கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பயந்து இரண்டு வருடம் ஓடியிருக்கிறேன்.

“என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டார்.

“மோட்டார், பைப் விக்கிறேன் சார்.”

“அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். சிறுநீர்ப்பை ஒரு தொட்டி. அதுக்குக் கீழ இருக்குற சுரப்பிதான் புராஸ்டேட். அதுக்கு நடுவுலதான் பைப் போகுது. வயசாக ஆக இந்தச் சுரப்பி பெருத்து, பைப்பைச் சுத்தி நெருக்கும். உங்க தொட்டி ரெண்டு வருஷமா முக்கி முக்கித் தள்ளியிருக்கு. சளி மாத்திரை அந்த இடத்துத் தசையை இறுக்கிடுச்சு. முழுசா அடைச்சிக்கிச்சு.”

சில சளி மாத்திரைகள் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் இந்த வீக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள்.

“குடும்பத்துல யாருக்காவது புராஸ்டேட் தொந்தரவு இருந்ததா?”

நான் சுவரைப் பார்த்தேன். ஜெமீலாதான் சொன்னாள். “இவுக அண்ணனுக்குக் கேன்சர் சார். அதுலதான் மவுத்தானாக.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மருத்துவர் என்னைப் பார்த்தார். வந்தவுடன் எடுத்த இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) பார்த்திருந்தார்கள். அது அதிகமாக இருந்தது.

“இந்த நம்பரை இப்ப நம்பாதீங்க. அடைப்பு இருக்கும்போது இது தானா ஏறும். குழாய் போட்ட புதுசுலயும் ஏறும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்.”

நம்பாதீர்கள் என்று சொல்வது எளிது. அந்த எண் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெளியே வராந்தாவில் செல்வம் காத்திருந்தார். சக்கர நாற்காலியில் என்னைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஜெமீலா மருந்து வாங்கப் போயிருந்தாள். செல்வம் குரலைத் தாழ்த்தினார்.

“மாமா, நானும் மூணு வருசமா இதுக்குத்தான் மாத்திரை போடுறேன்.”

“ஏலே, ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்க மட்டும் சொன்னீகளாக்கும்?”

நடுவில் ஒரு செங்கல் சுவர் மட்டும் இருக்க, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் அதே பயத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறோம். அவர் முன்கூட்டியே போய்க் காட்டியதால் மாத்திரையோடு நின்றது. எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது என்பதற்கு அவரே சாட்சி.

எனக்கும் முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். சுரப்பியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் மாத்திரை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நான்கு மணி நேரம் அந்த வராந்தாவில் நடந்தேன். வரவில்லை. மறுபடியும் குழாய். அறுவை சிகிச்சை என்று முடிவானது. ஆனால் பி.எஸ்.ஏ. விஷயம் தெளிவாகும் வரை காத்திருக்க வேண்டும்.

காலோடு கட்டிய பையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். செய்தி கேட்டு, பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் பார்க்க வந்தார். வரிசையை விட்டுப் போனதன் காரணத்தை அவரிடம் சொன்னேன். பையோடு தொழலாமா என்றும் கேட்டேன்.

“நோயாளிக்குச் சலுகை இருக்கு பாய். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசா ஒளு எடுத்துக்கிருங்க. குழாயில வர்றது உங்க கையில இல்ல. அதுக்கு அல்லா உங்களப் பிடிக்க மாட்டான். இத அப்பவே எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு ஹஜ்ரத்.”

“நெறையப் பேரு கேக்கத்தான் செய்யிறாக. என்ன, எல்லாரும் ‘எனக்கில்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு’ம்பாக.”

பல நாட்களுக்குப் பிறகு அன்று சிரித்தேன். ஆனால் அவர் போனதும் பயம் திரும்ப வந்துவிட்டது.

அந்த ஆறு வாரங்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடுப்பில் லேசாகப் பிடித்தால், எலும்புக்குப் போய்விட்டது என்று நினைப்பேன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். அழுத்தினால் எந்த எலும்பும் வலிக்கும். அண்ணன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம் நினைவுக்கு வரும். ஜெமீலா ஒருநாள் என் கையை விலாவிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அழுத்தி அழுத்திக் கன்னிப் போச்சு. வுடுங்க. இருந்தா டாக்டரு சொல்லட்டும். நீங்க ஏன் தேடுறீக?”

மறு பரிசோதனையில் அளவு பாதிக்கும் கீழே வந்திருந்தது. அண்ணனின் கதையை மனதில் வைத்து, மதுரைக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள். சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு நான் மேலும் பயந்தேன். இல்லை என்று ஏன் எழுதவில்லை?

அறுவை சிகிச்சைக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, நெருக்கிக்கொண்டிருந்த சதையைச் சிறு சிறு துண்டுகளாகச் சீவி எடுத்தார்கள். என் கால்கள் யாருடையவையோ போலக் கிடந்தன. மருத்துவர் செவிலியரோடு மழையைப் பற்றிப் பேசியது கேட்டது.

அதன் பிறகு இரண்டு நாட்கள் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், கழுவிக்கொண்டு வெளியே வந்தது. பையின் நிறத்தை ஜெமீலா மணிக்கு ஒரு முறை பார்த்துச் சொன்னாள். “பீட்ரூட்டு மாதிரி இருக்கு.” “இப்ப ரோசு.” “வெளுத்துருச்சு, வெளுத்துருச்சுங்க.” மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். கழிப்பறையில் போய் நின்றேன். காத்திருக்கத் தேவைப்படவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியிலிருந்து அவள் “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

சீவி எடுத்த துண்டுகள் பரிசோதனைக்குப் போயிருந்தன. முடிவு வரப் பத்து நாள் ஆனது. மருத்துவரின் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவர் தாளைப் புரட்டும் வேகம் எனக்குப் போதவில்லை.

“கேன்சர் இல்லை. சாதாரண வீக்கம்தான்.”

ஜெமீலா, “இன்னொரு தடவ சொல்லுங்க சார்,” என்றாள். அவர் சொன்னார். அவள் அதற்குப் பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. உள்பக்கத்தைத்தான் எடுத்திருக்கோம். வெளிப்பகுதி அப்படியேதான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனைக்கு வந்துடணும்.”

குணமானது ஒரே நாளில் அல்ல. சில வாரங்கள் எரிந்தது. அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை. ஒருமுறை சின்னமனூர் பஸ்ஸில் நனைத்துக்கொண்டேன். சிறுநீரை அடக்கும் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி கொடுத்தார்கள், அது உதவியது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, மனைவியோடு சேரும்போது விந்து பெரும்பாலும் வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடலுக்குக் கெடுதல் இல்லை. முன்கூட்டியே மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதால் நாங்கள் கலங்கவில்லை.

அண்ணனின் மகன்கள் இருவரையும் போனில் அழைத்து, ஐம்பது வயது வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மூத்தவன் சரி என்றான். இளையவன் பேச்சை மாற்றினான். அவனை மறுபடியும் அழைப்பேன்.

முன்பு என் பகல்கள் நாற்பது நிமிடத் துண்டுகளாக இருந்தன. ஒரு கழிப்பறையிலிருந்து அடுத்ததுவரை ஒரு துண்டு. இப்போது பகல் நீளமாக இருக்கிறது. வருடம்தான் குறுகிவிட்டது, ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை ஒரு வருடம். அந்த நாள் நெருங்கும் மாதத்தில் என் கை தானாக விலாவுக்குப் போகிறது.

சென்ற மாதம் ஒரு நிக்காஹ்வுக்காக நானும் ஜெமீலாவும் தேனியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஆண்டிபட்டி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டியில் வண்டி நின்றபோதுதான், இவ்வளவு நேரமும் உடம்பை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. மகிழ்ச்சி வரவில்லை. ஏன் சிறுநீர் கழிக்கத் தோன்றவில்லை, மறுபடியும் அடைத்துக்கொண்டதா என்று பயம்தான் வந்தது. எழுந்து, பெட்டியின் கோடியிலிருந்த கழிப்பறைக்குப் போனேன். தடையில்லாமல் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“என்னங்க?” என்றாள் ஜெமீலா.

“ஒண்ணுமில்ல. ஒண்ணுக்குத்தான்,” என்றேன், எதிரே இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.