சிறகு வைத்த செப்புக்காசு

ஆழ்வார்திருநகரி ஆற்றில் துணி துவைக்கப் போன என் மனைவி அந்தக் காசை மணலில் கண்டெடுத்தாள். எங்கள் ஏழு வயது மகள் வாந்திபேதியில் இறந்த வருஷம் அது. காசு சுண்டுவிரல் நக அகலம்தான் இருக்கும். மனைவி அதைப் புளி போட்டுத் தேய்த்து என்னிடம் நீட்டினாள். ஒரு பக்கம் மழுங்கிப்போன ராஜா தலை. மறுபக்கம் சிறகுள்ள ஓர் உருவம் நடந்து போகிறது. அதன் கைக்குக் கீழே ஒரு சின்ன ஆள். ஓரத்தில் சிலுவை போல ஒரு குறி.

"தேவதூதன்ட்டி! பிள்ளையக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான் பாரு" என்றேன்.

மகளின் அடக்கத்தன்று ஜெபம் பண்ண வந்த சபை உபதேசியார் இதையேதான் சொன்னார். அப்போது அவரை அறைந்துவிடலாம் போல எரிச்சல் வந்தது. செப்புக்காசில் பார்த்ததும் நம்பிவிட்டேன். மகள் போனபின் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. மனைவி காசை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

பாளையங்கோட்டையில் பழங்காசு சேர்க்கும் வக்கீல் ஒருவர் இருந்தார். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தூதனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல வே. ரோமாபுரிக் காசு. இவ வெற்றித் தேவதை. தோள்ல கெடக்கது தோத்தவன்கிட்ட பறிச்ச ஆயுதம். கீழ இருக்கவன் கைதி. முடியப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போறா, பாரும்."

"அப்ப சிலுவைக்குறி?"

"அது கிறிஸ்துவுக்க குறிதான். அந்த ஊரு ராஜாமாரு கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பெறகு அடிச்ச காசுல்லா."

கண்ணாடிக்குள் பார்த்தேன். சிறகுக்காரியின் விரல்கள் அவன் தலைமுடிக்குள் இருந்தன. அவன் முழங்கால் தரையில் இழுபட்டது. காசை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்து வந்தேன். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளே கேட்டாள்.

"முடியப் பிடிச்சு இழுக்கான்னு வக்கீலு சொன்னாவளா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தேய்க்கும்போதே பாத்தேன். நம்ம பிள்ள மட்டும் கைப்பிடிச்சா போனா? என் சேலையப் பிடிச்சிக்கிட்டு, வரமாட்டேன் வரமாட்டேன்னுல்லா கத்துனா."

"பெறகு ஏன்ட்டி சொல்லல?"

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அன்னைக்குத்தான் நீங்க ரெண்டாந்தரம் சோறு கேட்டிய."