காத்திருப்பு அறைக்கு அடுத்த கிட்டார்

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். எனக்கு ஒதுக்கிய அறைக்கும் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பெட்டி ஓட ஆரம்பித்தால் என் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஓர் உறுமல் ஏறிக்கொள்ளும். நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் உறுமல் பாதியாகக் குறையும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தேன்.

நர்சிங் விடுதியில் அறைத்தோழி விட்டுப்போன கிட்டார் அது. எனக்கு வேகமாக வாசிக்க வரவே இல்லை. மெதுவாக வாசிப்பதே ஒரு வகை இசை என்று தெரிந்தபோது பெரிய நிம்மதி. வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் டிலே பெடல், சின்ன அறையைக் கோயில் மண்டபமாக்கும் ரிவர்ப் பெடல், காலால் மிதித்தால் வாசித்ததையே சுற்றவிடும் லூப்பர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கிட்டாரின் வால்யூமை மூடிவைத்துக் கம்பியைத் தட்டி, சுண்டுவிரலால் மெல்லத் திறப்பேன். தட்டிய சத்தம் கேட்காது. ஒலி மட்டும் எங்கிருந்தோ நடந்து வந்து சேரும். லேப்டாப்பில் பதிவு செய்து நானே கேட்டுக்கொள்வேன். வேறு யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

எங்கள் நிலையத்தில், என் அறைக்கு மறுபக்கம், பிரசவக் காத்திருப்பு அறை ஒன்று உண்டு. தூரத்து ஊர்ப் பெண்கள் நாள் நெருங்கும்போது வந்து தங்குவார்கள். அந்த ஐப்பசியில் வந்தவளுக்கு இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். கணவன் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தான். அம்மா கூட இருந்தாள். ஆனால் வீட்டில் ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று மூன்றாம் நாள் காலை ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று எனக்கு வார விடுமுறை. மதியம் வாசித்துக்கொண்டிருந்தேன். கதவருகே நிழல் விழுந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?"

"இல்லீங்க நர்ஸம்மா. ரெண்டு நாளா கேட்டுக்கினே இருக்கிறேன். பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதாம்மா பாட்டு. ஆரம்பிச்சிடுச்சு."

அவள் நம்பவில்லை. ஆனாலும் போகாமல் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். நடந்தால் நல்லது என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். நான் நான்கு சுரங்களை வாசித்து லூப்பரில் சுற்றவிட்டேன். அதன் மேல் இன்னொன்றை மெல்ல ஏற்றினேன். ஜன்னலுக்கு வெளியே அவள் போவதும் வருவதும் தெரிந்தது. ஒரு சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு மாறியிருந்தது. நான் கிட்டாரை இறக்கினேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள்.

"அது தானா ஓடும். நீ வா."

கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி கூடவே நடந்தேன். லூப் ஓடிக்கொண்டே இருந்தது. வலி வரும்போது நிற்போம், போனதும் நடப்போம். இருட்டும்வரை அப்படியே போனது. பணியில் இருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "உள்ள கூட்டிக்கினு வா, நேரமாயிடுச்சு," என்றார். பிரசவ அறையில் கூட இருக்க அவளுக்கு ஆள் இல்லை. எனவே நான் நர்ஸாக இல்லாமல் அவளுடைய ஆளாக உள்ளே போனேன். கதவைத் திறந்து வைத்தோம். என் அறையிலிருந்து சத்தம் லேசாகக் கேட்டது.

கால் மணி நேரத்தில் மின்சாரம் போனது. பிரசவ அறையில் இன்வெர்ட்டர் விளக்கு எரிந்தது. என் அறை அமைதியானது.

"நின்னு போச்சே," என்று என் கையை இறுக்கினாள்.

எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாடலுக்குக்கூட வாயை மட்டும் அசைத்தவள் நான். அவள் காதருகே குனிந்து அந்த நான்கு சுரங்களை முனகினேன். முடிந்ததும் மறுபடி, மறுபடி. எத்தனை தடவை என்று தெரியாது. கூட இருந்த நர்ஸ் ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். பெண் குழந்தை பிறந்தது. அது அழுதபோதும் நான் முனகிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "போதும் நர்ஸம்மா, பொறந்துடுச்சு," என்று அவள்தான் நிறுத்தினாள்.

அறைக்குத் திரும்பினால் லூப்பர் காலியாக இருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பும் பேட்டரி செத்த பழையது. மின்சாரத்தோடு பதிவும் போய்விட்டது. அடுத்த வாரங்களில் பலமுறை முயன்றேன். அதே சுரங்கள், அதே பெடல்கள், அதே அளவு ரிவர்ப். அழகாகத்தான் வந்தது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு அவள் குழந்தையோடு வந்தாள். ஊசி போட்டு, குழந்தை அழுது ஓய்ந்த பிறகு, "அது இருக்குதுங்களா?" என்று கேட்டாள். என் அறைக்கு அழைத்துப்போய்ப் புதிய பதிவை ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது இல்லீங்களே. இது ஜாஸ்தி வேகமா கீது."

"அதே வேகந்தாம்மா."

"இல்லீங்க. அப்ப நாம நின்னு நின்னு போனோம் இல்ல?"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் முனக ஆரம்பித்தாள். தினமும் பாடியிருக்கிறாள் என்று கேட்டவுடன் தெரிந்தது. இரண்டு சுரத்துக்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டாள். கடைசிச் சுரத்தை நான் வாசித்ததைவிடக் கீழே இறக்கியிருந்தாள். அவளை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தேன். சாய்வு தவறி உறுமல் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அவள் முனக, நான் ஒவ்வொரு சுரமாகத் திறந்து அவள் பின்னால் போனேன். அவள் மூச்சு விட்ட இடத்தில் நானும் காத்திருந்தேன். குழந்தை தூங்கிவிட்டது.

லேப்டாப்பில் பதிவாகியிருந்த அதை அவள் போனுக்கு அனுப்பினேன். சேமிக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்குப் பேரு இன்னாங்க?"

"இன்னும் வெக்கலம்மா."

"இவளுக்குந்தான்," என்று சிரித்தாள். "அவரு கேரளாவிலிருந்து வரட்டும்னு கீறோம்."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கி நடந்தாள்.