அத்தை போட்ட உப்பு

உமி அடுப்புக்குச் சத்தம் கிடையாது. விறகு அடுப்பு வெடிக்கும், படபடக்கும், ஊதாங்குழல் கேட்கும். உமி அடுப்போ உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு, புது நெல்லை வறுத்தால் வருகிற மாதிரி ஒரு வாடையை மட்டும் வீடெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். அந்த வாடையோடு, பாலும் புளிப்பும் உப்பும் சேர்ந்த இன்னொரு வாடை எங்கள் வீட்டில் ஒரே ஒரு தை மாதம்தான் கலந்து வந்தது. அது சீஸின் வாடை. எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, எனக்குப் பத்துப் பதினொரு வயது.

எங்கள் ஊர் உப்பூருக்கு மேற்கே. கடற்காற்று வந்துவிடும், கடல் மீன் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், அவ்வளவு தூரம். மழையை நம்பின நெல், அது முடிந்தால் மிளகாய், வரப்போரம் பனை. அய்யாவுக்குத் திருப்பாலைக்குடியில் காதர் என்று ஒரு சிநேகிதர் இருந்தார். எங்கள் பனங்கிழங்கு என்றால் அவருக்கு உயிர். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர், முதல் தடவை ஊர் திரும்பியபோது அய்யாவுக்கு ஒரு கைலியும் மூன்று தகர டப்பாக்களும் கொண்டுவந்து கொடுத்தார். "பாலுதாண்ணே, இறுகக் கட்டி வச்சிருக்கான். அங்கன நாங்க ரொட்டிக்குள்ள வச்சுத் திங்கிறது" என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் அதற்கு "டப்பாக்கட்டி" என்று பேர் வைத்துக்கொண்டோம்.

முதல் டப்பாவை அம்மா அரிவாள் நுனியால் குத்தித் திறந்தாள். எங்கள் பக்கத்தில் குழம்பு என்றால் புளி இல்லாமல் கிடையாது. கருவேல விறகு நின்று எரிய, தளதளவென்று கொதிக்கிற புளிக்குழம்பில் அந்தக் கட்டியை அரிந்து போட்டாள். போட்டது கரையவில்லை. கயிறு கயிறாகத் திரிந்து, எண்ணெய் தனியே மிதந்து, அகப்பையைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழுந்து வந்தது. அய்யா ஒரு வாய் வைத்துவிட்டு வெகுநேரம் மென்றார். "என்ன பிள்ளே, பனந்தும்பு நாரை ஊறப்போட்டு ஊத்தினியா?" என்று கேட்டார். அதற்குப் பாக்கியம் அத்தை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

பாக்கியம் அத்தை அய்யாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்தவள். அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். அடுத்த ஊரில் கருப்பையா என்று முறை மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அத்தை வாய்திறந்து சொன்னதில்லை. ஆனால் வேறு எந்த இடத்தைப் பேசினாலும் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். கருப்பையா பேர் வந்தால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

அந்தச் சம்பந்தம் நடக்கவிடாமல் நின்றது அய்யாவின் கோபம்தான். இரண்டு ஊருக்கும் கண்மாய் ஒன்று. எங்கள் முறை நாளில் அவர்கள் ஊர் ஆட்கள் மடையைத் திறந்துகொண்டார்கள் என்று ஒரு சண்டை. அந்த வாரமே கருப்பையா வீட்டில் ஒரு காதுகுத்து. அய்யா போனார், பிள்ளையை வாழ்த்தினார், பந்தி போட்டபோது உட்காராமல் எழுந்து வந்துவிட்டார். கருப்பையாவின் தாயார் ராக்காயி அம்மா இலை முன்னால் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கைக்காக அய்யா ஆள் விட்டுச் சொல்லி, இழுத்துப் பறித்து, "வந்து பேசிட்டுப் போறோம், அவ்வளவுதான்" என்ற அளவுக்கு அவரை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு அறுப்புக் காலம் ஆனது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு முடியாத வீட்டில் உப்புப் போட்ட பண்டத்தை வாயில் வைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், கருப்பட்டி கடிக்கலாம். உப்பு நாக்கில் பட்டால் சம்மதம் என்று பொருள்; பட்ட பிறகு மாறினால் ஊர் சும்மா விடாது. அம்மாவுக்கு இதில்தான் இக்கட்டு. சோறு வடித்து, குழம்பு வைத்து, அவர்கள் எழுந்து போய்விட்டால் அத்தனையும் ஊர் பார்க்க மாட்டுத்தொட்டியில் கொட்ட வேண்டும். அடுப்பே பற்றவைக்காமல் இருந்தாலோ, "இவளுக்கு எங்களை உக்காரவைக்கிற எண்ணமே இல்லை" என்பார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அடுப்பில் இருந்தாலும் கெடாத, ஆறாத, விருந்து என்றும் சொல்ல முடியாத ஒரு பண்டம் வேண்டும்.

"உமி அடுப்புல வைப்போம், மதினி" என்றாள் அத்தை. "உங்க டப்பாக்கட்டிக்குக் கோவம் ஆகாது. மெதுவாச் சொன்னா கேக்கும்."

அறுத்த புதுசு, ஆலையிலிருந்து வந்த உமி மூட்டையாகக் கிடந்தது. உமி அடுப்பு போடுவது லேசு இல்லை. நடுவில் ஓர் உருட்டுக்கட்டையை நிறுத்தி, கீழ் வாயில் இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து இடித்துக் கெட்டிக்க வேண்டும். கட்டைகளை உருவினால் உமி சரியாமல் குழாய் மாதிரி வழி நிற்க வேண்டும். கீழ் வாயில் ஒரு சுள்ளியைப் பற்றவைத்துவிட்டால், கொழுந்து விடாமல் உள்ளே சிவந்து சிவந்து பொழுதெல்லாம் கனியும்.

அதைக் கூடத்து ஓரமாகப் போட்டோம். அதன்மேல் மண்பானை. தட்டாம்பயறு வேகவைத்து மசித்தது, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கியது, எங்கள் காட்டுக் குண்டு மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டது, சுண்டக் காய்ச்சிய பசும்பால். எல்லாம் சூடேறிய பிறகு டப்பாக்கட்டியைத் துருவலாக்கி, ஒரு பிடி போடுவது, அது கரைந்து காணாமல் போகிற வரை கிண்டுவது, பிறகு அடுத்த பிடி. அவசரப்பட்டு மொத்தமாகப் போட்டால் மறுபடியும் பனந்தும்புதான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அன்று காலையிலிருந்து அந்தப் பானையை விட்டு நகராமல் அகப்பை பிடித்தவள் நான். அதனால் இந்தப் பக்குவத்தில் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. புளி கூடாது, கொதி கூடாது. அம்மா நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கட்டியிலேயே உப்பு இருக்கு, போட வேணாம்" என்றாள். தொட்டுத் தின்பதற்குப் பனங்கிழங்கை உப்பில்லாமல் அவித்து, நார் உரித்து, விரல் நீளத்துக்கு ஒடித்து வைத்தாள்.

வண்டி கட்டிக்கொண்டு வந்தது மூன்று பேர். ராக்காயி அம்மா, அவருடைய மாமனாரான பல் போன பெரியவர், வண்டி ஓட்டிவந்த கருப்பையா. மாப்பிள்ளை உள்ளே வரக் கூடாது என்று புளியமரத்தடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். கதவு இடுக்கில் அவள் கால்விரல்கள் எனக்குத் தெரிந்தன.

ராக்காயி அம்மா தண்ணீர்ச் செம்பைத் தொட்டு வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"மடையத் தொறந்தது எங்க ஊரு ஆளுக. காது குத்துனது எம் பேரனுக்கு. எம் பந்தியில உக்காராம எந்திரிச்சது எதுக்கு?"

அய்யா தோள்துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

"சரி, யோசிச்சுச் சொல்லி விடுறோம்" என்று ராக்காயி அம்மா எழுந்தார். அப்படிச் சொன்னால் இல்லை என்றுதான் பொருள். "ஏலே கருப்பையா, வண்டியப் பூட்டுலே!"

அந்த நேரத்தில் பெரியவர் மட்டும் எழவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பினார்.

"ஆத்தா, அங்கன என்னத்தக் கிண்டுற?"

"பாலு, தாத்தா" என்றேன். காதர் மாமா சொன்னதும் அதுதானே.

"பாலுக்கு என்ன வந்துச்சு, குடு."

ஒரு கிழங்குத் துண்டை முக்கி, சொட்டாமல் சுழற்றிக் கொடுத்தேன். பல் இல்லாத வாய்க்கு அது நல்ல தோதாக இருந்தது. கண்ணை மூடிச் சப்பினார். "இன்னொண்ணு முக்கு" என்றார். அதுவும் போனது.

அய்யா சட்டென்று நிமிர்ந்தார். "பெரியவுக நம்ம வீட்டு உப்பத் தின்னாச்சு!"

வாசற்படியில் ஒரு கால் வைத்திருந்த ராக்காயி அம்மா திரும்பி வந்தார். அய்யாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"உப்புப் போட்டியா?"

போட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அய்யா கண்ணால் கெஞ்சினார். கதவு இடுக்கில் அந்தக் கால்விரல்கள் தரையில் அழுந்தின. ஆனால் அம்மா தன் சமையலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாள்.

"போடல. கட்டியிலேயே இருந்துச்சு. நான் ஒரு கல்லுகூடப் போடல."

"கரிக்குதே, தாயி" என்றார் பெரியவர், உதட்டை நக்கிக்கொண்டே.

"அது எந்தச் சீமை உப்போ. கப்பல்ல வந்த உப்புக்கு நாம எப்படி மாமா கட்டுப்படுறது? எந்திரிங்க."

அப்போது கதவு திறந்தது. கூப்பிடுகிறவரை பெண் சபைக்கு வரக் கூடாது. அத்தை யார் முகத்தையும் பார்க்காமல் அடுக்களைக்குள் போய், உப்புப் பானைக்குள் கையை விட்டு, கை நிறையக் கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். அப்படியே அடுப்பிலிருந்த பானைக்குள் போட்டாள். என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி, உப்பு கரகரக்கிற சத்தம் அடங்குகிற வரை கிண்டினாள்.

"இது உப்பூரு அளத்து உப்பு, அயித்தை" என்றாள். "எங்க அண்ணன் உங்க பந்தியில உக்காராதது தப்பு. அதுக்கு நான் ஆயுசுக்கும் உங்க வீட்டுல உக்காந்து திங்கிறேன். இனி நீங்க தின்னாலும் சரி, வண்டி ஏறினாலும் சரி."

ராக்காயி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உமி அடுப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தானே ஒரு கிழங்கை எடுத்தார், நன்றாக அடிவரைக்கும் முக்கினார், வாயில் போட்டார். முகம் ஒரு கோணலாகப் போய் வந்தது. கண்ணில் நீர் கட்டியது. துப்பவில்லை, விழுங்கினார்.

"அடி ஆத்தி! கடலையே கொட்டிட்டியேடி" என்றார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே கருப்பையா, மாட்டை அவுத்துக் கட்டுலே! சோறாக்கட்டும்."

அம்மா அதற்குப் பிறகுதான் விறகு அடுப்பைப் பற்றவைத்தாள். அய்யா தானே இலை அறுத்து வந்து, ராக்காயி அம்மாவுக்கு முன்னால் தானே விரித்தார். பானையில் மிஞ்சியதை மறுநாள் எவ்வளவு பயறு வேகவைத்துக் கலந்தும் வாயில் வைக்க முடியவில்லை.

பங்குனியில் கல்யாணம். அத்தை அந்த வீட்டில் உட்கார்ந்து தின்றாள், ராக்காயி அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அங்கே குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் கருப்பையா மாமா கோபிக்க மாட்டார். "மாட்டை அவுத்துக் கட்டவா?" என்று கேட்பார். அத்தை அகப்பையை ஓங்குவாள். பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் அதைச் சொல்லிப் பழகினார்கள். பாதிப் பேருக்கு ஏன் என்று தெரியாது.

இப்போது மதுரையில் என் பேத்தி வீட்டில் ஆட்கள் கூடும்போதெல்லாம் மின்சாரப் பானை ஒன்றில் இந்த சீஸ் பண்டத்தைச் செய்கிறாள். சீஸைத் துருவுகிற வேலையும் இல்லை, பாக்கெட்டிலேயே துருவி வருகிறது. தொட்டுக்கொள்ளக் கிழங்குக்குப் பதில் சிப்ஸ். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து உமி இப்போது ஆலையிலிருந்து நேரே செங்கல் சூளைக்கு லாரியில் போய்விடுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு தொடங்கும் முன்பே வயிறாரச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு வேறு இடம் பார்க்கவும் போகிறார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கருப்பையா மாமா போன வருஷம் காலமானார். பேத்தி செய்ததில் கொஞ்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். ஒரு சிப்ஸை முக்கித் தின்றாள்.

"உப்புப் பத்தலையே."

"சீஸ்லயே இருக்கு அத்தை, போட வேணாம்."

"உங்கம்மாவும் அன்னைக்கு இதத்தான சொன்னா" என்று சிரித்தாள். டாக்டர் அவளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் உப்புச் சாடியை இழுத்து, ஒரு சிட்டிகை போட்டு, விரலாலேயே கலக்கிக்கொண்டாள். மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் அவள் மகனுடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அந்தப் பக்கம் பார்த்தபடி அடுத்த சிப்ஸை முக்கினாள்.

"உப்பு கூடிப் போச்சு" என்றாள். "கேக்கத்தான் ஆளைக் காணோம்."