இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நான் ஒலிபெருக்கி கட்டாத மண்டபம் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் பட்டம் வாங்கியவர்கள் கட்டிய செட் மேடையில் ஊளையிட்டால், என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன், அடங்கிவிடும். ஒலி என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காற்று எங்கேயும் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடும். அந்தத் தள்ளலும் இழுப்பும் மட்டும்தான் அலையாகப் பயணம் போகும். நானே கண்டுபிடித்தது இது.

அதனால் என் மனைவியின் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வேறு ஆள் கட்டட்டும் என்று என் சக தொழில்காரர் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. “அவ குரல நான்தான்யா கட்டுவேன்” என்றேன்.

அவள் தேவாரம் பாடிய பதிவு ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள். ஏதோ ஒரு சண்டையில் இரண்டு மாதம் அம்மாவோடு பேசாமல் இருந்துவிட்டாள். செந்தூலிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. “அந்தப் பாட்டயாவது போடுங்கப்பா. அம்மா குரல ஒரு தடவ கேட்டுக்கிறேன்” என்றாள்.

கிள்ளானில் கோயில் மண்டபம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நடைபாதை. அதன் முனையில், மாலை போட்ட படத்துக்கு எதிரே, மகள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். இலை போடுவதற்கு முன், பக்கத்துக்கு ஒன்றாக வைத்த இரண்டு பெட்டிகளிலும் பாட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் விசும்பல் கேட்டது. மகள் மட்டும் தலையைத் தூக்கி அங்குமிங்கும் தேடினாள்.

எழுந்துபோய் அவள் அருகில் குனிந்தேன். குரலின் அடிப்பாகம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. சொல் புரியாத, சன்னமான ஒன்று எங்கோ சுவருக்குப் பின்னால் அழைப்பது போலிருந்தது. எனக்குப் பேய் நினைவு வரவில்லை, காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஒரு பெட்டியில் இரண்டு வயரையும் முனை மாற்றி மாட்டிவிட்டேன்! ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஓர் அலை மேடாக வரும் இடத்தில் இன்னொன்று பள்ளமாக வந்தால் தண்ணீர் தட்டையாகிவிடும் அல்லவா, அதேதான். பக்கங்களில் இருப்பவர்களுக்கு அவரவர் பெட்டி கிட்டத்தில் இருப்பதால் குறை தெரியாது. சரிநடுவில் இருப்பவருக்குத்தான் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும்.

வயரைத் திருப்பி மாட்ட அரை நிமிடம் போதும். ஆனால் மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி பக்கம் போகவில்லை. பாட்டு முடிந்தது.

என் அக்காள் வந்து மகளின் தோளைப் பிடித்தாள். “உங்கம்மா பக்கத்துல நின்னு பாடுற மாதிரியே இருந்துச்சுல்லடி?”

“எனக்குக் கேக்கலையே அத்த. எங்கயோ தூரமா…”

“எங்க எல்லாத்துக்கும் கணீர்னு கேட்டுச்சே! உனக்கு மட்டும் கேக்கலன்னா, உங்கம்மாவுக்கு உம்மேல இன்னும் கோவம் தீரல லா.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வயரைச் சுருட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பதிவைத் தருகிறேன் என்றாலும் அவள் வாங்கவில்லை. “வேணாம்பா. அம்மாவுக்கு இஷ்டமில்ல.” எனக்கும் நிம்மதி இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கடை வாசல்களில் பாட்டு ஓடும்போது, கால் தானாக இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போய் நிற்கும். யாரோ பாடும் சினிமாப் பாட்டுக்கு அடியில் அந்தச் சன்னக் குரல் அழைக்கும். குளியலறையில் தண்ணீரைத் திறந்தாலும் அதுதான்.

நாற்பது நாளுக்குமேல் தாங்கவில்லை. இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு செந்தூல் அடுக்குமாடிக்குப் போனேன். மகளை நடுவில் உட்காரவைத்து அன்று மாட்டியபடியே மாட்டிப் பாட்டைப் போட்டேன். அன்றுபோலவே அவள் தலையைத் தூக்கித் தேடினாள். ஒரு பெட்டியின் வயரை மட்டும் திருப்பி மாட்டினேன். முழுக்குரலோடு அவள் அம்மா அறைக்குள் வந்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“அன்னைக்கே.”

அவள் கைப்பேசியை எடுத்து அத்தையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். “சொல்லுங்க.”

“வயர நான்தான்க்கா மாத்தி மாட்டிட்டேன். அதான் புள்ளைக்குக் கேக்கல.”

அக்காள் சிரித்துவிட்டாள். “நீயாடா? புள்ள மனசு ஆறணும்னு கத விடாத. ஒனக்காவது, வயர் தப்புறதாவது!”

என் கை தப்பாது என்று ஊரெல்லாம் நான்தான் சொல்லி நம்பவைத்திருந்தேன். மகள் கைப்பேசியை என் பக்கம் இன்னும் தள்ளிவைத்தாள்.

“ரெட்ட வயர்ல எது எந்த முனைன்னு காட்ட ஒண்ணு மேல மட்டும் ஒரு வரி ஓடும்க்கா. அதத் தடவிப் பாத்துதான் மாட்டுவேன், கண்ணால பாக்கறதில்ல. ரத்தத்துல சக்கர ஏறி இனிப்பு நீர் வந்ததுலேருந்து வெரல் மரத்துப்போச்சு. வரி தெரியல. யார்கிட்டயும் சொல்லல.”

அக்காள் மெதுவாகக் கேட்டாள்: “புள்ள பக்கத்துல இருக்காளாடா?”

“இருக்கா.”

“அவகிட்டக் குடு.”